14 வயசுப் பையன் துப்பாக்கி சுடுதல் கத்துக்கணும்: டெல்லியில லைசென்ஸ் எப்போ வேணும், யார் பேர்ல?

மயூர்விஹார்_அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 14 முடிஞ்சிருக்கு, துக்ளகாபாத் ரேஞ்சுல சேர்க்கலாம்னு இருக்கோம். நாலு விஷயம் தெளிவாகணும்.

ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேணுமா? அப்புறமா .22-க்கு (தோட்டா போட்டுச் சுடற ரைஃபிள்) போனா அவன் பேர்லயே லைசென்ஸ் கிடைக்குமா, இல்ல 21 வயசு வரைக்கும் காத்திருக்கணுமா? திண்டுக்கல் பக்கத்துல தாத்தா தோட்டத்துல லைசென்ஸோட ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கு. லீவுக்குப் போறப்ப அதுல பழகலாமா, பின்னாடி அவன் பேருக்கு மாத்த முடியுமா? அங்க காட்டுப்பன்றித் தொல்லை வேற. வேட்டைக்குன்னு தனி லைசென்ஸ் தர்றாங்களான்னு உறவுக்காரங்க கேக்கறாங்க.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

லேன்_12 எழுதியது:

மேடம், முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன். குழலின் உள்விட்டம் 4.5 மி.மீ., அதாவது .177, முகப்பு ஆற்றல் (குழலை விட்டு வெளிய வர்றப்ப குண்டுக்கு இருக்கற ஆற்றல்) 20 ஜூலுக்குள்ள, இந்த ரெண்டும் சேர்ந்து இருந்தா லைசென்ஸ் வேண்டாம். ரெண்டுல ஒண்ணு மீறினாலும் வேணும். பலர் மாட்டிக்கறது இங்கதான். ‘ஏர்கன்தானே’ன்னு .22 ஏர் ரைஃபிளை யார்கிட்டயோ பழசா வாங்கிடுவாங்க. அது லைசென்ஸ் தேவைப்படற ஆயுதம். வீட்டுல லைசென்ஸ் இல்லாம இருந்தா ஆயுதச் சட்ட வழக்குதான்.

ஆற்றலை நீங்களே கணக்குப் போடலாம். பெல்லட்டோட (ஏர்கன்ல போடற ஈயக் குண்டு) எடையை கிராம்ல எடுத்து, வேகத்தோட (மீட்டர்/நொடி) வர்க்கத்தால பெருக்கி, 2000-ஆல வகுத்தா ஜூல் வரும். 10 மீட்டர் போட்டி ரைஃபிள் 0.53 கிராம் பெல்லட்டைச் நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்துல தள்ளும். 7.7 ஜூல்கிட்ட வரும், எல்லைக்கு ரொம்பக் கீழ. விளம்பரத்துல ‘1000 அடி வேகம்’னு போடற ஸ்பிரிங் ரைஃபிள்கள்ல கவனமா இருங்க. 1000 அடின்னா 305 மீட்டர். அதே 0.53 கிராம் பெல்லட்ல அந்த வேகம் வந்தா 24 ஜூலைத் தாண்டிடும். ஆனா கம்பெனிங்க பொதுவா லேசான பெல்லட்ல அளந்துதான் அந்த வேகத்தைப் போடுவாங்க. 0.33 கிராம் பெல்லட்னா 15 ஜூல்தான். அதனால வேகத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஆற்றல் எத்தனை ஜூல்னு எழுத்துல கேளுங்க, பில்லுல மாடலும் வரிசை எண்ணும் இருக்கணும். பில்லு நகலைத் துப்பாக்கிப் பெட்டியிலயே வைங்க. செக்கிங்ல உங்களைக் காப்பாத்தறது அந்தக் காகிதம்தான்.

உடனே சொந்தமா வாங்க வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். முதல் சில மாசம் கிளப் ரைஃபிளே போதும். 14 வயசுல கை நீளமும் தோள் அகலமும் மாறிக்கிட்டே இருக்கும், இப்ப அளவெடுத்து வாங்கின ஸ்டாக் (தோள்ல வைக்கற கட்டை) அடுத்த வருஷம் பொருந்தாது. ரைஃபிளா பிஸ்டலாங்கறதும் அதுக்குள்ள தெரிஞ்சிடும். போட்டி விதிப்படி ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். ஒல்லியான பையன் முதுகை வளைச்சு நின்னு அதைத் தாங்கப் பழகிட்டா, அந்த நிலையைத் திருத்தறது பெரும்பாடு. ஏர் பிஸ்டல் 1.5 கிலோவுக்குள்ள, டிரிக்கர் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது.

இன்னொண்ணு, இதை ரொம்ப அழுத்திச் சொல்றேன். பால்கனியில நின்னு புறாவையோ குரங்கையோ குறிபாக்கற வேலை ஒரு தடவைகூடக் கூடாது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 இருக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவுல விலங்கைக் கொன்னாலோ ஊனமாக்கினாலோ 5 வருஷம் வரை தண்டனை இருக்கு. வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட பறவையா இருந்தா அது தனி வழக்கு. லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கின்னா எங்க வேணா சுடலாம்னு அர்த்தம் இல்ல.

படிவம்_ஏ1 எழுதியது:

அம்மா, .22 பற்றி எழுதுகிறேன்.

1959 ஆயுதச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி லைசென்ஸுக்குக் குறைந்தபட்ச வயது 21. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பயிற்சிக்கு விலக்குத் தருகிறது. 12 வயது நிரம்பியவர் பயிற்றுநரின் நேரடி மேற்பார்வையில் குறிசுடும் பயிற்சிக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தலாம். உங்கள் பையன் ‘ஜூனியர் டார்கெட் ஷூட்டர்’ என்ற வகைக்குள் வருவான். ஆகவே 21 வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் நேராகப் போய் விண்ணப்பித்தால் வேலை நடக்காது, அதற்கு ஒரு வரிசை இருக்கிறது.

முதலில் டெல்லி மாநில ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராகி, தேசிய ரைஃபிள் சங்கத்தின் ஷூட்டர் அடையாள எண் வாங்க வேண்டும். பிறகு மாநிலப் போட்டி, அதில் தகுதி மதிப்பெண் வந்தால் மவ்லங்கர் போட்டி போன்ற தேசியத் தகுதிச் சுற்றுகள். (மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மவ்லங்கர்தான் 1951-ல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் தலைவர்.) ஒவ்வொரு போட்டியின் சான்றிதழையும் மதிப்பெண் தாளையும் பத்திரப்படுத்துங்கள். துப்பாக்கி எதற்கு என்ற கேள்விக்கு அவைதான் பதில்.

டெல்லியில் லைசென்ஸ் தருவது போலீஸின் லைசென்ஸிங் பிரிவு. விண்ணப்பம் ஏ-1 படிவத்தில், இணையவழியில். கூடவே அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, சங்கத்தின் பரிந்துரைக் கடிதம், பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிக்கான எஸ்-1 சான்று, மருத்துவரின் எஸ்-3 சான்று. எஸ்-3-ல் உடல்நலம் மட்டும் எழுதி வாங்கி வருகிறார்கள். மனநலமும், போதைப்பழக்கம் இல்லை என்பதும் அதில் தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபைல் திரும்பி வரும்.

மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் ‘காரணம்’ என்ற கட்டம். பெரியவர்களின் விண்ணப்பத்தைப் பார்த்து ‘தற்காப்பு’ என்று நிரப்பிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் 14 வயதுப் பையனின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும், நிற்கவும் வேண்டும். விளையாட்டு, குறிசுடுதல் என்றே இருக்கட்டும். எந்தப் போட்டிப் பிரிவு, எந்த போர் (குழலின் உள்விட்ட அளவு) என்பது சங்கக் கடிதத்திலும் விண்ணப்பத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கடிதத்தில் 25 மீட்டர் பிஸ்டல், விண்ணப்பத்தில் ரைஃபிள் என்றிருந்தால் மறுபடி முதலிலிருந்து. செல்லுபடியாகும் பகுதியையும் இந்தியா முழுமைக்கும் கேளுங்கள். டெல்லிக்கு மட்டும் என்று வாங்கிவிட்டால் வெளிமாநிலப் போட்டிக்கு எடுத்துப் போக முடியாது.

2016 ஆயுத விதிகளின்படி போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை கிடைத்ததிலிருந்து முடிவெடுக்க 60 நாள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், டெல்லியில் அது துணைநிலை ஆளுநரிடம் போகும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் காலம் 5 ஆண்டு. முடிவதற்கு 60 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அதே திருத்தம் பொதுமக்களுக்கான உச்சவரம்பை மூன்றிலிருந்து இரண்டு துப்பாக்கியாகக் குறைத்தது. 2020 பிப்ரவரி அறிவிப்பின்படி ஜூனியர் ஷூட்டருக்கும் இரண்டு.

தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வார்கள். தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களாகிப் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்குத் தேர்தல் ஆணையம் விலக்கு தந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தால் சங்க அட்டையும் போட்டி அட்டவணையும் கையில் இருக்கட்டும்.

மயூர்விஹார்_அம்மா எழுதியது:

ரொம்ப நன்றி சார். ‘காரணம்’ கட்டம் பத்தித் தெரியவே தெரியாது. தாத்தா துப்பாக்கி விஷயம் யாராவது சொல்லுங்களேன். தாத்தா பக்கத்துலயே நின்னு சொல்லிக்கொடுத்தாலும் தப்பா?

வத்தலக்குண்டு_ஆர்கேபுரம் எழுதியது:

தப்புதான்மா. லைசென்ஸ் தாத்தா பேருக்கு, சுடும் உரிமையும் அவருக்கு மட்டும்தான். அவர் கூட இருக்கும்போது இன்னொருவர் துப்பாக்கியைத் தூக்கிவரச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ தாத்தாவே பயன்படுத்தவோதான். பேரன் சுட்டுப் பழக அந்த இடம் போதாது. தோட்டம் பயிற்சி ரேஞ்சும் ஆகாது. நாளைக்கு ஏதாவது ஆனால் தாத்தாவின் லைசென்ஸும் போகும், பையனின் விளையாட்டு வாழ்க்கையும் தொடங்குமுன்பே முடிந்துபோகும்.

சட்டத்தை விட்டாலும் அந்தத் துப்பாக்கியே ஆபத்தாக இருக்கலாம். பழைய சீமை இரட்டைக்குழல்கள் பலவற்றில் அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நீளம் 65 மி.மீ. இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70 மி.மீ. தோட்டா. போட்டால் உள்ளே போய்விடும், மூடியும்விடும். சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் எண்களை ஒரு ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டிக் கேளுங்கள். டிராப் போட்டிக்கும் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவது) அது உதவாது. அங்கே மேல்-கீழ் குழல் துப்பாக்கியும் 24 கிராமுக்கு மேல் போகாத சன்ன ரவைத் தோட்டாவும்தான்.

பெயர் மாற்றம் உண்டு. உரிமையாளருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடிருக்கும்போதே சட்டப்படியான வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆனால் வாரிசுக்கு 21 ஆகியிருக்க வேண்டும், அதனால் இப்போதைக்கு உங்கள் வீட்டுக்காரர் பெயருக்குத்தான். அவர் டெல்லியில் குடியிருப்பதால் விண்ணப்பம் இங்கே, தாத்தாவின் ஃபைல் அங்கே கலெக்டர் ஆபீசில். இரண்டு பக்கமும் கடிதப் போக்குவரத்து நடக்கும், பொறுமை வேண்டும். தாத்தா காலத்துக்குப் பிறகு என்று விட்டுவைக்காதீர்கள். அப்போது துப்பாக்கியைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். துக்க வீட்டில் அது யாருக்கும் நினைவுக்கு வராது, பரணில் கிடக்கும் துப்பாக்கி குற்றமாகிவிடும்.

வேட்டை லைசென்ஸ் என்று ஒன்று இன்று இந்தியாவில் கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. 11-வது பிரிவின்படி உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல வனத்துறையின் எழுத்துபூர்வ உத்தரவு வேண்டும். காட்டுப்பன்றிக்கு மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை வேறு. கேரளத்தில் 2022-லிருந்து உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி தந்து, பட்டியலில் உள்ள லைசென்ஸ்தாரர்கள் சுடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 உத்தரவுப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் மட்டும், அதுவும் வனத்துறையினர்தான். தோட்டக்காரர் தானே சுடக் கூடாது. பயிர் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறையில் மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

லேன்_12 எழுதியது:

ஒரு விஷயம் விட்டுப்போச்சு மேடம். பின்னாடி பி.சி.பி. ரைஃபிள் (சிலிண்டர்ல அடைச்ச காத்துல சுடற ஏர் ரைஃபிள்) பழசா வாங்கினா, முதல்ல சிலிண்டர்ல பொறிச்சிருக்கற தேதியைப் பாருங்க. 200 பார் அழுத்தம் தாங்கற பொருள் அது. பெரும்பாலான கம்பெனிங்க 10 வருஷம்தான் ஆயுள் தர்றாங்க. தேதி முடிஞ்ச சிலிண்டரைப் போட்டியில ஏத்துக்க மாட்டாங்க, வீட்டுலயும் நிரப்பக் கூடாது. புது சிலிண்டர் விலையைச் சேத்துப் பாத்தா அந்த ‘மலிவு’ ரைஃபிள் மலிவா இருக்காது. நிரப்பறப்ப மெதுவா, உலர்ந்த காத்து. எண்ணெய் ஒரு துளிகூட வால்வு பக்கம் போகக் கூடாது.

விமானத்துல போறப்ப சிலிண்டரைக் கழட்டிக் காலி பண்ணி, கவுண்டர்லயே சொல்லிட்டுப் பெட்டியை லக்கேஜ்ல போடணும். கேபின்ல கிடையாது. .22-க்கு வந்தப்புறம் தோட்டா ஒருத்தருக்கு 5 கிலோ வரைக்கும்தான். மெட்ரோவுல கொண்டுபோறதை நம்பாதீங்க, செக்கிங்ல நிறுத்திடுவாங்க. துக்ளகாபாத்துக்குக் காரோ ஆட்டோவோதான் சரி. பெல்லட் ஈயம். பயிற்சி முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கை கழுவாம டிபன் பாக்ஸைத் தொட விடாதீங்க.