காட்டாற்றுப் பாலத்தில் வைத்த நீர்மட்ட சென்சார் மழை இரவுகளில் பொய் அலாரம் அடிக்கிறது – உதவி தேவை

ஓடைக்கரை:
வணக்கம். தென்காசி மாவட்டம், மலை அடிவாரக் கிராமம். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தரைப்பாலம். மேலே மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். அதனால் தரைப்பாலத்துக்கு 200 மீட்டர் மேலே, தண்ணீர் வரும் திசையில் உள்ள பழைய பாலத்தில், ஒலி அலை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் (ஜே.எஸ்.என். எஸ்.ஆர்.04டி), அதை இயக்கும் சின்னக் கணினிப் பலகை இ.எஸ்.பி.32, எஸ்.எம்.எஸ்., தகவல் அனுப்பும் சிம்800எல் மாட்யூல், சோலார் பேட்டரி எல்லாம் வைத்திருக்கிறோம். சென்சாரிலிருந்து ஆற்றின் அடிமட்டம் 340 செ.மீ. தண்ணீர் 150 செ.மீ. தாண்டினால் சைரன் அடித்து, எஸ்.எம்.எஸ். போகும்.

வெயில் நாளில் தங்கமாக வேலை செய்கிறது. மழை இரவில்தான் வம்பு. ஒரு ராத்திரி பதிவு (சென்சாரிலிருந்து தண்ணீருக்குத் தூரம், செ.மீ.):

2.14 – 297
2.15 – 0
2.16 – 298
2.21 – 112
2.22 – 298
2.30 – 0
2.34 – 114

ஆற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். சைரன் கேட்டு ஊரே எழுந்து வந்து பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போகிறது. சென்சாரை மாற்றிவிடலாமா?

சால்டரிங்_மாமா:
மாற்றாதீர்கள் அண்ணாச்சி. உங்கள் பதிவில் இரண்டு தனித்தனி வியாதி தெரிகிறது. 0 வருவது சரியாக 2.15, 2.30. கால் மணிக்கு ஒருமுறை சர்வருக்குத் தகவல் அனுப்புகிறீர்களா? சிம்800எல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மேகமூட்டத்தில் பேட்டரி சரியாக ஏறியிருக்காது, மின்னழுத்தம் படுத்துவிடும், சென்சாருக்கு எதிரொலி கிடைக்காது. நிரலில் எதிரொலி நேரத்தை அளக்கும் பல்ஸ்இன் கட்டளை காத்திருந்து பார்த்துவிட்டு 0 என்று தரும். உங்கள் நிரல் 340-லிருந்து 0-வைக் கழித்து, "தண்ணீர் 340 செ.மீ." என்று நம்பி அலறுகிறது. 0 என்றால் 'அளக்க முடியவில்லை' என்று எடுக்கச் சொல்லுங்கள். சிம் மாட்யூலின் மின்முனைக்குப் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், அந்த நொடித் தேவைக்கு அது மின்சாரம் சேர்த்து வைத்துத் தரும். அனுப்பும் நேரத்தில் அளக்கவே வேண்டாம்.

இந்த 112, 114-தான் எனக்குப் புரியவில்லை.

மணிமுத்தாறு_வாசி:
112 ஏதோ ஒரு பொருள். கிட்டத்தட்ட ஒரே தூரம், ஆனால் வந்து வந்து போகிறது. இந்த சென்சாரின் அலை டார்ச் வெளிச்சம் போல விரிந்து போகும். காற்றில் ஆடும் கொடி, கயிறு, சேலைத் துண்டு ஏதாவது பக்கத்தில் தொங்குகிறதா?

ஓடைக்கரை:
போய்ப் பார்த்தேன். பாலத்தின் தூணில், கல் இடுக்கிலிருந்து ஓர் அரசங்கன்று முளைத்து நிற்கிறது! சென்சாருக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கீழே. மழைக் காற்றில் அதன் கிளை நேராகச் சென்சாருக்கு அடியில் வந்து ஆடுகிறது. தகவல் போவதும் கால் மணிக்கு ஒருமுறைதான்.

சால்டரிங்_மாமா:
அப்படிப் போடுங்கள். கன்றை வேரோடு எடுங்கள், வெட்டினால் மறுபடி தழைக்கும். அப்புறம் ஒற்றை அளவை நம்பி சைரன் அடிக்கக் கூடாது. ஐந்து அளவு எடுத்து வரிசைப்படுத்தி நடு மதிப்பை வையுங்கள். இரவில் தண்ணீர் சில செ.மீ. குறைந்த மாதிரி காட்டினால் பயப்படாதீர்கள். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும். 15 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மீட்டரில் 8 செ.மீ. வரை தள்ளும். ஒரு வெப்பநிலை சென்சார் வைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

நீரளவர்:
நீர்வளத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்று கேட்கிறேன் தம்பி. பொய் அலாரம் நின்றுவிட்டது என்றே வைப்போம். 200 மீட்டர் மேலே சென்சார். காட்டாறு வினாடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் வரும். தரைப்பாலத்தில் ஆடு ஓட்டி வருகிறவருக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதில் என்ன செய்வார்?

6 கிலோமீட்டர் மேலே வைத்தால் அதே வேகத்துக்கு அரைமணிக்கு மேல் கிடைக்கும். பழைய குற்றால அருவியில் 2024 மே 17-ல் திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் இறந்தாரே, அங்கேயும் மழை பெய்யும் இடம் மலைதான். மேலே ஒரு மழைமானியும் சென்சாரும், கீழே சைரன். இதுதான் சரியான அமைப்பு.

அளவு மட்டும் பார்க்காதீர்கள், ஏறும் வேகத்தையும் பாருங்கள். பத்து நிமிடத்தில் 30 செ.மீ. ஏறினால், மட்டம் 80 செ.மீ.யாக இருந்தாலும் அடிக்கட்டும். இன்னொன்று, மழை பெய்துகொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று குறைந்தால் அதுவும் அபாயம்தான். மேலே மரமோ மண்சரிவோ அடைத்து நிற்கலாம், உடைந்தால் மொத்தமாக வரும். பெரியவர்கள் தண்ணீர் கலங்குவதையும் சருகு மிதந்து வருவதையும் பார்த்தே கரை ஏறுவார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள்.

புதுப்பயனர்_கோவை:
இதெல்லாம் எதற்கு சார், அரசின் பேரிடர் எச்சரிக்கைச் செயலி சச்சேத்திலேயே எச்சரிக்கை வருமே?

நீரளவர்:
வரும், வைத்திருங்கள். வானிலை ஆய்வுத் துறை 2020-லிருந்து திடீர் வெள்ளத்துக்கென்றே தனி வழிகாட்டி அமைப்பு நடத்துகிறது. 6 மணி நேரத்துக்கு அபாயமும் 24 மணி நேரத்துக்கு வாய்ப்பும் சொல்லும், 4 கிலோமீட்டர் கட்டத்தில். ஆனால் உங்கள் ஓடையில் இந்த நிமிடம் என்ன வருகிறது என்று அது சொல்லாது. அந்த எச்சரிக்கை வந்த நாளில் சர்வருக்குத் தகவல் அனுப்பும் கால் மணி இடைவெளியை ஒரு நிமிடமாக மாற்றுங்கள்.

ஓடைக்கரை:
கன்றை எடுத்துவிட்டோம். நிரலையும் திருத்தியாயிற்று, கெப்பாசிட்டர் போட்டாயிற்று. நேற்று நல்ல மழை, ஒரு 0 கூட இல்லை. மேலே காடு என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். அதற்கு முன்பு அடிவார எஸ்டேட்டில் மழைமானி வைக்க மேலாளர் ஒத்துக்கொண்டார். அங்கிருந்து லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் ரேடியோ) வைத்துத் தகவலை இழுத்துவிடலாம் என்று நினைக்கிறோம். கிண்ணம் நிரம்பிக் கவிழும் எண்ணிக்கையை வைத்து மழையை அளக்கும் கவிழும் கிண்ண வகை மழைமானிக்கு என்ன பராமரிப்பு?

மணிமுத்தாறு_வாசி:
எறும்பும் சருகும்தான் எதிரி. புனலுக்குள் வலை போடுங்கள், மழைமானியைத் தாங்கும் காலில் கிரீஸ் தடவுங்கள். வாய் 200 சதுர செ.மீ., ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்ற மாடலாக இருந்தால், 400 மி.லி. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினால் 100 முறை கவிழ வேண்டும். 90-க்குக் கீழே போனால் பிரித்துக் கழுவுங்கள். மழை சீசன் தொடங்குமுன் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள்.