பொருள்: ‘ரெகுலேட்டரி சில்’ – ‘ஒழுங்குமுறைக் குளிர்’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் கூடும் எங்கள் படிப்பு வட்டத்துக்காகப் பன்னாட்டு முதலீட்டுச் சட்டம் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். ‘ரெகுலேட்டரி சில்’ (regulatory chill) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் இல்லாமல் எழுத்து நின்றுவிட்டது. வெளிநாட்டு முதலீட்டாளர் நடுவர் தீர்ப்பாயத்துக்கு இழுத்துவிடுவாரோ என்று அஞ்சி, ஓர் அரசு தான் இயற்ற வேண்டிய சட்டத்தைக் கைவிடுவது, தள்ளிப்போடுவது, அல்லது பல்லைப் பிடுங்கிவிட்டு இயற்றுவது. இதுதான் பொருள்.

நமது கலைச்சொல் அகராதிக்காகக் குழுவினரிடமிருந்து இதுவரை வந்த பரிந்துரைகளில், ‘சில்’லை நேராகப் பெயர்த்த ‘ஒழுங்குமுறைக் குளிர்’ என்பதற்கே ஆதரவு மிகுதி. என்னால் அதை ஏற்க முடியவில்லை. கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம். தில்லியில் ஜனவரி மாதத்தைப் பல ஆண்டுகள் கடந்தவர்களுக்கும் அந்தச் சொல்லின் இனிமை மாறுவதில்லை. ‘ஒழுங்குமுறைக் குளிர்’ என்று படிப்பவர், ஏதோ கெடுபிடி தளர்ந்து நிம்மதி வந்தது என்றே எண்ணுவார். இன்னொன்றும் உண்டு. குளிர் தானாக வருவது. இந்த அச்சத்தை ஊட்டுபவர் ஒருவர் இருக்கிறார். அவரை மறைத்துவிடும் சொல் நமக்கு எதற்கு?

உருகுவே நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை சுமார் 35 லட்சம். சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதித்ததற்காக, 2010இல் பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் அதன்மீது வழக்குத் தொடுத்தது. சுவிட்சர்லாந்துடன் உருகுவே செய்துகொண்டிருந்த முதலீட்டு ஒப்பந்தம்தான் அதற்கு வழி திறந்தது. 2016இல் உருகுவே வென்றது. வென்றதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வழக்குச் செலவுக்கு அமெரிக்காவின் புளூம்பெர்க் அறக்கட்டளை கைகொடுக்க வேண்டியிருந்ததையும் நினைவில் கொள்ள வேண்டும். அத்தகைய கை கிடைக்காத நாட்டின் சுகாதார அமைச்சர் என்ன செய்வார்? அதே நிறுவனம் ஆஸ்திரேலியாவின் வெற்றுறைச் சட்டத்தையும் (சிகரெட் பெட்டியில் வணிகச் சின்னமோ கவர்ச்சி வண்ணமோ கூடாது என்பது) எதிர்த்தது. ஆஸ்திரேலிய வழக்குகளின் போக்கைப் பார்த்துவிட்டே மேலே செல்வதென்று நியூசிலாந்து அரசு 2013இல் வெளிப்படையாகவே அறிவித்தது. அங்கே அச்சட்டம் நிறைவேறியது 2016இல்தான். வசதியான நாடே இத்தனை காலம் காத்திருந்தது.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தான் சான்று. வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சுரங்க உரிமம் மறுத்ததால் எழுந்த ரெக்கோ டிக் வழக்கில் 2019 ஜூலையில் அந்நாட்டின்மீது விதிக்கப்பட்ட இழப்பீட்டுத் தொகை 580 கோடி டாலருக்கும் மேல். அதே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் அதற்கு ஒப்புதல் அளித்த கடன் 600 கோடி டாலர். வளரும் நாடுகளின் சட்ட அமைச்சகங்களில் இருப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துத்தான் பார்ப்பார்கள்.

ஆகவே நமது சொல்லில் அச்சமும் இருக்க வேண்டும், அதனால் விளையும் செயலின்மையும் இருக்க வேண்டும். பிற பரிந்துரைகளில் ‘சட்டத் தயக்கம்’ போதாது. தயக்கத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ‘வழக்கச்சம்’ அழகாக இருக்கிறது. ஆனால் அது காரணத்தை மட்டுமே சொல்கிறது. என் பரிந்துரை ‘ஒழுங்காற்று ஒடுக்கம்’. குளிரிலும் ஒடுங்குகிறோம், அச்சத்திலும் ஒடுங்குகிறோம். மூலச்சொல்லின் படிமமும் கெடவில்லை. ‘ஒழுங்காற்று’ என்பது காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவால் எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

*

மறுமொழி (மும்பையிலிருந்து):

ஐயா, ‘குளிர்’ பற்றிய உங்கள் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் ‘ஒடுக்கம்’ என்றதும் செய்தித்தாள் வாசகருக்கு ‘ஒடுக்குமுறை’தான் நினைவுக்கு வரும். அரசு யாரையோ ஒடுக்குகிறது என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘ஒடுங்கல்’ என்று வைத்தால் அந்த ஐயம் எழாது.

ஒரு கேள்வியும் உண்டு. வோடபோன், கெய்ர்ன் நிறுவனங்கள் தொடுத்த வரி வழக்குகளில் 2020இல் தோற்ற பிறகு, இந்திய அரசு 2021இல் முன்தேதியிட்ட வரியைக் கைவிட்டது. அதையும் இந்தச் சொல்லால் குறிக்கலாமா?

*

மறுமொழி (தில்லியிலிருந்து):

‘ஒடுங்கல்’ சரியான திருத்தம், அம்மா. மோனையும் நிற்கிறது. ‘ஒழுங்காற்று ஒடுங்கல்’ என்றே வைத்துக்கொள்வோம். ‘வழக்கச்சம்’ என்பதை அதன் காரணத்தைக் குறிக்கும் தனிச்சொல்லாகக் காப்பாற்றுவோம். அதை முன்வைத்த நண்பருக்கு நன்றி.

உங்கள் கேள்விக்கு என் விடை, கூடாது என்பது. தீர்ப்பு வந்தபின் பணிவது வேறு, தீர்ப்பு வருமுன்பே சுருங்கிக்கொள்வது வேறு. இந்தக் கோட்டை அழித்தால் சொல் பயனற்றுப்போகும். கனடா 1997இல் ஒரு பெட்ரோல் சேர்மத்தின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அச்சேர்மத்தைத் தயாரித்த எத்தில் என்ற அமெரிக்க நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தீர்ப்புக்குக் காத்திராமல் கனடா 1998இல் தடையை விலக்கி, அந்நிறுவனத்துக்குச் சுமார் 1.3 கோடி டாலரும் கொடுத்தது. இது கோட்டுக்கு இந்தப் பக்கம், அதாவது ஒடுங்கலின் பக்கம். ஆனால் அந்தத் தடையைக் கனடாவின் சில மாகாணங்களே உள்நாட்டு வணிக உடன்பாட்டின் கீழ் எதிர்த்து வென்றன என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். எந்த அச்சம் எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துக் காட்டுவது கடினம். இயற்றப்படாத சட்டத்துக்குக் கோப்பு எங்கே கிடைக்கும்? அகராதிப் பதிவிலேயே இந்த எச்சரிக்கையை எழுதிவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

பதிவின் வரைவு:

ஒழுங்காற்று ஒடுங்கல் (பெ.): முதலீட்டாளர் வழக்குத் தொடுப்பார் என்ற அச்சத்தால், தீர்ப்பு எதுவும் வருமுன்பே, பொதுநலன் காக்கும் சட்டத்தையோ விதியையோ அரசு கைவிடுதல், தள்ளிப்போடுதல், நீர்க்கச்செய்தல். பிற காரணங்களும் கலந்திருக்கக்கூடும். காண்க: வழக்கச்சம்.

‘நீர்க்கச்செய்தல்’ என்பதைவிடத் தெளிவான சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.