மகனின் ஐஎஃப்எஸ்பி கூட்டங்களில் பாட்டி சொன்னதும் நாங்கள் கேட்டதும்

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட, வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கிடைக்க 1986ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிசெய்தது. குழந்தையைப் பரிந்துரைத்த 45 நாட்களுக்குள் மதிப்பீடும், ஐஎஃப்எஸ்பி எனப்படும் குடும்பச் சேவைத் திட்டத்துக்கான முதல் கூட்டமும் நடந்தாக வேண்டும். இவ்விரண்டுக்கும் கட்டணம் இல்லை. எங்கள் மகனுக்குப் பேச்சு வரத் தாமதமானபோது நாங்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தோம்.

பகல் முழுவதும் அவனைப் பார்த்துக்கொள்பவர் என் மாமியார். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். கூட்டம் குடும்பத்தின் மொழியில் நடக்க வேண்டும் என்பது விதியாதலால், தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சேவை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தோம். தொலைபேசி வழியாகத்தான் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது என்றாலும் அந்தக் காத்திருப்புக்குப் பலன் இருந்தது. மதிப்பீட்டு அறிக்கையில், மகன் தன் தேவையை யாருக்கும் தெரிவிப்பதில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டதும் மாமியார், "அப்படியெல்லாம் இல்லைங்க, தண்ணி வேணும்னா என் முந்தானையை இழுத்துட்டுக் குழாயைப் பார்ப்பான்" என்றார். பேச்சுப் பயிற்சியாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை நாட்களாக அப்படிச் செய்கிறான், இழுத்தபின் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறானா, வேறு எதற்காவது இழுக்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒருவரைத் தொட்டு அழைத்து, வேண்டிய பொருளை நோக்கிக் கண்ணைத் திருப்புவது பேச்சுக்கு முந்தைய முக்கியமான படி என்று அவர் விளக்கியபோது என் கணவர் கண்கலங்கிவிட்டார். அறிமுகமில்லாத அறையில் ஒரு மணி நேரம் நடக்கும் சோதனையில் தென்படாத திறன், அவனோடு நாள் முழுவதும் இருப்பவருக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் இலக்குகளே மாறின. கட்டைகளை அடுக்குவது, படத்தைக் காட்டினால் பெயர் சொல்வது போன்ற வரிகளின் இடத்தில், சாப்பாட்டு வேளையில் தனக்கு வேண்டியதைச் சைகையாலோ சொல்லாலோ கேட்பான் என்ற இலக்கு வந்தது. அவன் தட்டைத் தள்ளிவிட்டு அழுவதால் எங்கள் மாலைப்பொழுது முழுவதும் கலைந்துபோகிறது என்று நாங்கள் சொன்னதிலிருந்தே அது பிறந்தது. பயிற்சியாளரும் விளையாட்டுப் பொருள்களைக் கொண்டுவராமல், நாங்கள் சாப்பிடும் நேரத்துக்கே வந்து, தண்ணீரைக் கொடுக்குமுன் சற்றுப் பொறுத்து அவன் கண்ணைப் பார்க்கும்படி மாமியாருக்குக் கற்றுக்கொடுத்தார். வாரத்துக்கு ஒரு முறை வருபவர் செய்வதைவிட, நாள் முழுவதும் உடனிருப்பவர் செய்வதே குழந்தைக்குப் பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குடும்பத்தின் கவலைகளையும் முன்னுரிமைகளையும் குறிப்பதற்குத் திட்டத்தில் தனிப் பகுதி உண்டு. அதை ஒரே வரியில் முடிக்க விடாதீர்கள். முன்மொழியப்படும் சேவைகளில் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்கலாம். மறுத்ததற்காக ஏற்றது நின்றுவிடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுஆய்வு நடக்கும், தேவையானால் அதற்கு முன்பும் கேட்கலாம்.

எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் நடக்க வேண்டிய மாற்றக் கூட்டம்தான். மூன்று வயதுவரை குடும்பத்தை மையமாக வைத்த திட்டம், அதன்பின் அப்பகுதிப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்தின் கையில் ஐஇபி எனப்படும் கல்வித் திட்டமாகிறது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள், புதியவர்களுக்கு நம் குழந்தையைத் தெரியாது. பெற்றோர் கேட்டால், பள்ளியின் முதல் ஐஇபி கூட்டத்துக்குப் பழைய சேவை ஒருங்கிணைப்பாளரையும் அழைத்தாக வேண்டும் என்பது விதி. நாங்கள் கேட்டோம், அவர் வந்தார். முந்தானையை இழுப்பதில் தொடங்கிச் சொற்கள் வரை அவன் கடந்த படிகளை அவரே வரிசையாக எடுத்துச் சொன்னதால், பள்ளியின் பேச்சுப் பயிற்சி அவன் நின்றிருந்த இடத்திலிருந்தே தொடர்ந்தது. மாற்றக் கூட்டத்துக்குத் தேதி கிடைத்திருப்பவர்கள் இந்த அழைப்பை இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.