அரிசிம்பருப்பு சாதம் குழையாம வர வழி சொல்லுங்க

வணக்கம்ங்க. எங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம். மழை பெஞ்சாலும் சரி, உடம்பு அசந்து வந்தாலும் சரி, அம்மா வெக்கறது அரிசிம்பருப்புதான். மேல ஒரு கரண்டி நெய், பக்கத்துல தயிரும் சுட்ட அப்பளமும்.

இப்ப நானே வெக்கறேன். 1 டம்ளர் புழுங்கலரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, அரை மணி நேரம் ஊறல். கடுகு, சீரகம், வரமிளகா, தட்டுன பூண்டு தாளிச்சு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தக்காளி 1 வதக்கி, மஞ்சத்தூள் போட்டு, 3 டம்ளர் தண்ணி, குக்கர்ல 3 விசில். வாசம் அப்படியே அம்மா வெச்ச மாதிரிதான். மூடியத் திறந்தா பொங்கலாட்டம் குழைஞ்சு கெடக்குது. அம்மாவுது பருப்பு மலர்ந்து, சோறு பருக்கை பருக்கையா நிக்கும். வெங்கலப் பானையிலதான் வெப்பாங்க. அளவு கேட்டா "கை அளவுதான் கண்ணு"ம்பாங்க. இப்பக் கேக்க அவங்க இல்லீங்க.

தண்ணியக் குறைக்கணுமா, ஊற வெக்கற நேரத்தையா? பானையில வெக்கறவங்க எந்தப் பதத்துல தீயக் குறைக்கறீங்க? போன வாரம் இங்க ஒருத்தர் பச்சை மொச்சை போட்டு வெச்ச படம் பாத்தேன், அதுலருந்து அதே நெனப்பு. அந்த அக்கா, மொச்சைய எப்பச் சேத்தீங்க?