மறு: புறாவுக்கு ஏது மூடநம்பிக்கை?

அனைவருக்கும் வணக்கம்.

உளவியல் பாடத்தில் வரும் 'சூப்பர்ஸ்டிஷன்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு, "இதில் விவாதிக்க என்ன இருக்கிறது, மூடநம்பிக்கைதான் இருக்கிறதே" என்று மூன்று பேர் பதில் போட்டிருக்கிறீர்கள். இருக்கிறதுதான். மேடைக்கு அதைவிடக் கூர்மையான சொல் கிடையாது. சுயமரியாதை இயக்கத்தார் தீட்டி வைத்த சொல்; அதன்மேல் கை வைக்க நான் வரவில்லை. ஆனால் என் பாடத்தில் வருவது புறா.

1948-ல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி விழும்படி வைத்தார். 8 புறாக்களில் 6 ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ஒன்று இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இன்னொன்று கூண்டின் மேல்மூலையை நோக்கித் தலையை நீட்டி நீட்டி இழுத்தது. தீனி விழுந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. இதைத்தான் அவர் 'சூப்பர்ஸ்டிஷன்' என்றார். புறா எதை நம்பியது? அதை மூடன் என்று திட்ட நாம் யார்?

புறாவை விடுங்கள். எங்கள் களத்துமேட்டில் தாத்தா மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார், அடுத்தது "ரெண்டு". டெல்டாவில் வயல் வைத்திருந்த வீட்டார் எல்லோரும் கேட்ட குரல்தான். லாபம் என்று சொன்னால் நெல் கூடும் என்று அவர் நம்பினாரா? ஒருமுறை கேட்டேன். "அளக்குறப்ப பேசாதடா" என்றார், கணக்கு தப்பிவிடுமென்று. இப்போது கொள்முதல் நிலையத்தில் எலக்ட்ரானிக் தராசு. அங்கேயும் முதல் சிப்பத்தைத் தூக்கி வைக்கிறவர் வாய்க்குள் "லாபம்" என்று முனகியதைப் போன தையில் கேட்டேன். இங்கே மூடமும் இல்லை, நம்பிக்கையும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆக, சொல்லின் இரண்டு பாதியும் உதவாது.

மூலச்சொல்லைப் பார்த்தே ஆக்கலாம் என்றார் குடந்தை ஐயா. இலத்தீனில் 'சூப்பர்' மேலே, 'ஸ்டாரே' நிற்றல். மேலே நிற்பது எப்படி இந்தப் பொருளுக்கு வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்தில்லை. தமக்குப் பின்னும் பிள்ளைகள் எஞ்சி நிற்க வேண்டுமென்று நாளெல்லாம் வேண்டிப் பலி கொடுத்தவர்களிடமிருந்து வந்தது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ ஒரு விளக்கம் சொன்னார். பின்னால் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் அதை மறுத்தார். ரோம எழுத்தாளர்கள் டாசிடஸும் இளைய பிளினியும் இதே சொல்லால் ஏசியது கிறித்தவத்தை! பிறகு கிறித்தவர்கள் அதையே ரோமக் கோயில்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். அடுத்தவன் சாமியை ஏசப் பிறந்த சொல் என்ற அளவில் நம் மூடநம்பிக்கை அதற்குச் சரியான சம்பந்திதான்.

நிற்றல் என்றதும் எனக்கு விரிச்சி, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லைக் குறியாகக் கொள்வது, நினைவுக்கு வந்தது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நற்சொல் காதில் விழக் காத்திருப்பார்கள். அதற்குப் புலவர் சொல்வதும் "விரிச்சி நிற்ப" என்றுதான். பாடியவர் நம் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் மகன் நப்பூதனார். ரோமில் ஒரு நிற்றல், புகாரில் ஒரு நிற்றல். உறவெல்லாம் கிடையாது, ரசிக்க மட்டும்.

அந்தப் பெண்கள் காதில் விழுந்தது ஓர் இடைமகள் கன்றுக்குச் சொன்ன ஆறுதல், "உன் தாய் இப்போதே வந்துவிடுவாள்" என்று. அதை அவர்கள் போருக்குப் போன தலைவன் வருவதற்கான நிமித்தமாகக் கொண்டார்கள். நான் தேடிய சொல் இந்த நிமித்தம்தான். நிமித்தம் என்றால் சகுனம். "வேலை நிமித்தம் தஞ்சாவூர் போனேன்" என்றால் காரணம். அடையாளத்தைக் காரணமாக எடுத்துக்கொள்வதுதான் நாம் பேசுகிற குழப்பம். அந்தக் குழப்பம் இந்த ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே குடியிருக்கிறது. மயக்கம் என்பதும் தலைசுற்றல் மட்டுமல்ல; திணைமயக்கம் படித்தவர்களுக்குத் தெரியும், ஒன்றோடொன்று கலந்துவிடுவது. எனவே என் முன்மொழிவு: நிமித்தமயக்கம். புறா செய்தது நிமித்தமயக்க நடத்தை.

நிமித்தம் வடசொல்லாயிற்றே என்று ஒருவர் எழுதத்தான் போகிறார். மூடமும் வடசொல்தான். தொல்காப்பியமே நாள், புள் இரண்டோடு நிமித்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. தனித்தமிழே வேண்டுமென்றால் புள்மயக்கம் எனலாம். புள் என்ற ஒரே சொல்லில் பறவையும் சகுனமும் அடங்கும். ஆனால் "புறாவின் புள்மயக்கம்" என்று வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரித்து முடிக்கவே பாதி பீரியட் போய்விடும்.

மாற்றுக் கருத்து இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். வெள்ளி காலை பத்தரைக்குள் பாடத்தை அனுப்பிவிடுவேன். ராகுகாலத்துக்காக இல்லை ஐயா, அதற்கு மேல் எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது.