ஆனந்த் எந்த ஊர்க்காரர்?

காவிரிக்கரையான்: "சென்னையில் பிறந்த மேதைகள்" என்று மாம்பலத்தான் நேற்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். முதல் பெயரே விஸ்வநாதன் ஆனந்த். அவர் 1969 டிசம்பர் 11 அன்று பிறந்தது மயிலாடுதுறையில். எங்கள் ஊர்ப் பிள்ளையை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்வது என்ன நியாயம்?

மாம்பலத்தான்: பிறந்தது அங்கே, சரி. செஸ் வளர்ந்தது எங்கே? எழும்பூரில் பள்ளி, லயோலாவில் கல்லூரி, சோவியத் கலாச்சார மையத்திலிருந்த தால் செஸ் கிளப்பில் பழக்கம். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவரைச் சென்னைப் பையன் என்றுதான் ஊரே கொண்டாடியது.

காவிரிக்கரையான்: வளர்ந்ததைப் பற்றி யார் கேட்டது? பிறந்தது மயிலாடுதுறை. சுந்தர் பிச்சை மதுரை. சி.வி. ராமன் திருச்சி. ராமானுஜன் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை பார்த்ததற்காக அவரும் உங்கள் ஆளா? ஊரிலிருந்து வருகிறவனெல்லாம் பேர் வாங்கிய பிறகுதான் உங்களுக்குச் சென்னைக்காரனாகத் தெரிகிறான்.

மாம்பலத்தான்: அப்படியானால் நோபல் வாங்கிய சந்திரசேகரை லாகூருக்குக் கொடுத்துவிடலாமா? 1910இல் பிறந்தது அங்கேதான், படித்தது இங்கே மாநிலக் கல்லூரியில். தால் கிளப்பின் செஸ் வீரர் மானுவல் ஆரோன்கூட பர்மாவில் பிறந்தவர்.

காவிரிக்கரையான்: லாகூர், பர்மா எல்லாம் எதற்கு? ஆனந்த் பிறந்தது மயிலாடுதுறை, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

செஸ்பிரியன்: குகேஷ் சென்னையிலேயே பிறந்தவர், 2024இல் 18 வயதில் உலக சாம்பியன். அவரை முதலில் போட்டிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

காவிரிக்கரையான்: அவரையும் ஆந்திர முதல்வர் தெலுங்குப் பையன் என்று சொந்தம் கொண்டாடினார். அன்றைக்கு எவ்வளவு கோபம் வந்தது உங்களுக்கு? அதே கோபம்தான் இன்றைக்கு எனக்கு. பிறந்த ஊர் குகேஷுக்கு மட்டும் செல்லும், ஆனந்துக்குச் செல்லாதா?

வண்ணாரப்பேட்டை: எழும்பூரைத் தாண்டி உங்களில் யாருக்கும் கண் தெரியவில்லை. எங்கள் பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் உலகக் கோப்பை கேரமில் 3 தங்கம் வாங்கினாள், அப்பா வண்டி ஓட்டுகிறவர். இரண்டு முறை கேரம் உலக சாம்பியனான மரிய இருதயமும் சென்னைதான். இந்தப் பட்டியலில் இரண்டு பேருமே இல்லை. அரசு குகேஷுக்கு 5 கோடி கொடுத்தது, காசிமாவுக்கு 1 கோடி. அதைப் பற்றி ஒருத்தராவது வாய் திறந்தீர்களா?

மாம்பலத்தான்: கேரமும் செஸ்ஸும் ஒன்றா தம்பி?

வண்ணாரப்பேட்டை: இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். தம்பி என்று கூப்பிடாதீர்கள்.

காவிரிக்கரையான்: கேரமுக்குத் தனியாக ஒரு திரி தொடங்கிக்கொள்ளுங்கள். இங்கே பேச்சு மயிலாடுதுறையைப் பற்றி.

வண்ணாரப்பேட்டை: எங்கள் பேச்சு வந்தாலே தனித் திரியா? போக மாட்டேன், இங்கேதான் பேசுவேன்.