தொண்டு நிறுவனத்துக்கு எடுப்பது ஆவணப்படமா, விளம்பரமா?

தறிநிழல்:
ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஆறு நிமிடப் படம் எடுத்தேன். இலவச அறுவை சிகிச்சை பெற்ற சிறுமியின் அம்மா பேட்டியில், "ஆபரேஷன் இலவசம்தான். வந்து போனதுல எட்டு நாள் கூலி போச்சு" என்றார். முதல் எடிட்டைப் பார்த்ததும் அந்த வரியை எடுக்கச் சொன்னார்கள். நன்கொடையாளர்கள் தப்பாக நினைப்பார்களாம். எடுத்துவிட்டேன். இன்னும் அது காதில் கேட்கிறது. பணம் கொடுப்பவர் கையில் கத்தரிக்கோல் இருக்கும்வரை அது விளம்பரம்தான்.

எடிட்மேசை:
ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஸ்மைல் பிங்கி' 39 நிமிடப் படம். ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனத்துக்காக மேகன் மைலன் எடுத்தது. மிர்சாபூர் பக்கத்துக் கிராமத்தில் உதட்டுப் பிளவோடு பிறந்த சிறுமிக்கு வாரணாசியில் சிகிச்சை நடக்கிறது. ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட குழந்தைகளைத் தேடும் சமூகப் பணியாளரையும் காட்டுகிறார்கள். 2009இல் ஆஸ்கர் வாங்கியது. அதையும் விளம்பரம் என்பீர்களா?

தறிநிழல்:
நல்ல படம்தான். ஆனால் சிரிப்பில் முடியும் கதையால் நிறுவனத்துக்கு என்ன சங்கடம்? சங்கடமான வரி வரும்போது என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

எடிட்மேசை:
சரி, 1935க்குப் போவோம். 'ஹவுசிங் ப்ராப்ளம்ஸ்' என்ற ஆவணப்படம். லண்டன் ஸ்டெப்னியின் இடிந்த வீடுகளில் இருந்தவர்கள் கேமராவைப் பார்த்து எலித் தொல்லை, பூச்சித் தொல்லை எல்லாவற்றையும் தாங்களே சொன்னார்கள். ஏழைகள் இப்படித் தம் வாயால் பேசியது அன்றைக்குப் பெரிய விஷயம். பணம் கொடுத்தது எரிவாயு வணிகர்களின் சங்கம்.

ஹட்டன்வாசி:
அந்தக் குறை வீட்டுக்காரர்மேல் ஐயா, எரிவாயுக்காரர்மேல் இல்லை. புது வீடு கட்டினால் அவர்களுக்குப் புது வாடிக்கை.

எங்கள் நாட்டுக் கதையையும் கேளுங்கள். 1934இல் பேசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அழகான படம், மறுக்கவில்லை. புத்தர் சிலைகள், நடனம், எங்கள் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டின் வர்ணனைக் குரல் எல்லாம் இருக்கின்றன. உழைப்பவர்களின் காட்சிமேல் சந்தை விலை சொல்லும் குரல்களை ஓடவிட்ட துணிச்சலும் இருக்கிறது. ஆனால் தேயிலைக்காக எடுத்த படத்தில் மலையகத் தமிழரின் கூலிக் கணக்கு இல்லை, லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாழ்க்கை இல்லை. என் பாட்டி கொழுந்து பறித்தவர். யாரும் வெட்டியிருக்கத் தேவையில்லை, கேட்கவே இல்லையே. தறிநிழல் தம்பி கேட்டாவது இருக்கிறார்.

எடிட்மேசை:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பணமும் இல்லாவிட்டால் அந்தப் படமே இருந்திருக்காது.

செப்புத்திருமேனி:
நான் அருங்காட்சியகங்களுக்குப் படம் எடுப்பவள். அங்கே ஜனங்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள், மூன்று நிமிடம் தாண்டினால் நகர்ந்துவிடுவார்கள். பக்கத்துக் கூடத்துக்குச் சத்தம் போகக் கூடாதென்று பல நேரம் ஒலியே இருக்காது, எழுத்துதான். வெட்டாமல் முடியாது. அதனால் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுவேன்: ஆண்டு, பெயர் தப்பென்றால் அவர்கள் திருத்தலாம், பேட்டி கொடுத்தவரின் கருத்தில் கைவைக்கக் கூடாது. இதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போனது, போகட்டும்.

அப்புறம் தம்பி, அந்த அம்மாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினீர்களா?

தறிநிழல்:
இல்லை அக்கா. நன்கொடையாளர் கூட்டத்துக்கு இரண்டு தடவை போனேன், அவர் வீட்டுக்குப் போகவில்லை. அந்த வரி ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கிறது. அதைச் சேர்த்து ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.